நூல்கண்டு சுழலாத வருடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டு மாஸ்டர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கோட்டின் உள்பையில் ஒரு பட்டுத்துண்டை வைத்தார், வைத்ததை மறந்துபோனார். நாலு வருடமாகச் செய்துவந்த வேறொன்றை அவர் தப்பில் சேர்க்கவே இல்லை. அதற்கு ‘ஏற்பாடு’ என்று பெயர் வைத்திருந்தார். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்க்கு மனிதன் எப்போதும் மரியாதையான பெயராகப் பார்த்துத்தான் வைக்கிறான்.

மாஸ்டர் வேலை பார்த்த கோல்ஃப் கிளப்பின் போட்டிக்கு அது எண்பத்தோராவது வருடம். வியாழன் தொடங்கி ஞாயிறு முடிய நாலு நாள் ஆட்டம், நாளைக்குப் பதினெட்டுக் குழி. யார் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போட்டு முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. இதெல்லாம் எல்லா ஊர்ப் போட்டியிலும் உள்ளதுதான். இதைவிடக் கொழுத்த பரிசு தருகிற போட்டிகள் எத்தனையோ உண்டு. ஆனாலும் ஒரு நுழைவுச் சீட்டுக்காக ஏழு வருடம் காத்திருந்து ஜனங்கள் இங்கேதான் வந்தார்கள். ஏன் என்று கேட்டால் பாதிப் பேர் புல்தரையைப் புகழ்வார்கள். மீதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வருவது கோட்டில் பெயர் தைப்பதைப் பார்க்க.

ஜெயித்தவருக்குக் கோப்பை கிடையாது. கருஞ்சிவப்புக் கோட்டு ஒன்றுதான். கடைசிப் பந்து கடைசிக் குழியில் விழுந்ததும், அந்தப் புல்வெளியின் ஓரத்திலேயே ஒரு சின்ன மேஜையும் முக்காலியும் கொண்டுவந்து போடுவார்கள். கோட்டு மாஸ்டர் வந்து உட்காருவார். வட்டச் சட்டத்தில் இழுத்து மாட்டிய வெள்ளைப் பட்டுத்துண்டில், ஜெயித்தவரின் பெயரைத் தங்க நிற நூலால் எல்லோர் முன்னாலும் தைப்பார். அவருக்கு வலது பக்கம் ஜெயித்தவர் நிற்பார். இடது பக்கம் இரண்டாவதாக வந்தவர் நூல்கண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். இருபத்தைந்து நிமிடம் ஆகும். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, அறிவிப்பு இல்லை. செல்போனையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பத்தாயிரம் பேர் ஒரு தையல்காரர் தைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். தைத்த துண்டைக் கோட்டின் உட்புறம் வைத்து நாலு முடிச்சுப் போட்டுக் கோட்டை மாட்டிவிட்டால் போட்டி முடிந்தது.

ஒரு வருடம் டிவிக்காரர்கள் வந்து, “இந்த இருபத்தஞ்சு நிமிஷத்தைக் கொஞ்சம் சுருக்கலாமே” என்று கேட்டார்கள். “நீங்க வேணும்னா கேமராவை மூடிக்கோங்க” என்றது கிளப். அடுத்த வருடம் வாயை மூடிக்கொண்டு அவர்களே வந்து நின்றார்கள். வருடம் தவறாமல் வரும் டாக்டர் ஒருவர் சொல்வார்: “வருஷம் பூரா என்னை யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க மாஸ்டர். இங்க அந்த இருபத்தஞ்சு நிமிஷம்தான் யாரும் கூப்பிட மாட்டாங்க.”

மாஸ்டர் இந்த வேலையில் இருபத்தேழு வருடம் இருந்தவர். வருடத்தில் மீதி நாளெல்லாம் கிளப் பணியாளர்களின் சீருடை, மேஜை விரிப்பு, ஜன்னல் திரை என்று மிஷினோடு மல்லுக்கட்டுவார். அந்த ஒரு நாள் மட்டும் ராஜா. ராஜாவின் விரல்கள் நாலு வருடத்துக்கு முன்னால் ஆட ஆரம்பித்தன. கத்திரி பிடித்தால் ஆடாது, மிஷினில் உட்கார்ந்தால் ஆடாது. கை ஊசியை எடுத்து, யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், கூத்தாட ஆரம்பித்துவிடும்.

மனைவிக்கு மட்டும் சொன்னார். “கிளப் செயலாளர்கிட்ட சொல்லிடுங்க” என்றாள் அவள்.

“சொன்னா வேற ஆளை வச்சுடுவாங்க.”

“வச்சா வைக்கட்டுமே. கை ஆடறது என்ன கொலைக்குத்தமா?”

“உனக்குப் புரியாது” என்று அவர் பேச்சை முடித்தார். அவளுக்குப் புரிந்திருந்தது என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் முடித்தார்.

அப்போதுதான் ஏற்பாடு வந்தது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் முன்னணியில் இருப்பவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில் பொறுமையாகத் தைத்துவைப்பார். ஞாயிற்றுக்கிழமை சட்டத்தில் இரண்டு துண்டுகள் இருக்கும். மேலே வெறும் துணி, அடியில் பெயர் தைத்த துணி. ஜனங்கள் முன்னால் மேல்துணியில் ஊசியை விட்டு விட்டு எடுப்பார். ஒரே நூலை உள்ளே விட்டு வெளியே இழுத்து இருபத்தைந்து நிமிடம் ஓட்டிவிடலாம். பக்கத்தில் நிற்கும் இருவரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், மற்றவர்கள் பத்தடிக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்பது கிளப்பின் பழைய விதி; அது மாஸ்டருக்காகவே போட்ட விதி மாதிரி இருந்தது. கடைசியில் குனிந்து துணியைக் கழற்றும்போது மேல்துண்டு மடிக்குள் போய்விடும். அடித்துண்டு தலையை நீட்டும். கை தட்டுவார்கள்.

முதல் வருடம் பயத்தில் ஆறு பெயர்களைத் தைத்தார். அடுத்த வருடம் நாலு. போன வருடம் இரண்டு. திருட்டில் தேர்ச்சி வந்தால் சோம்பலும் கூடவே வரும் போலிருக்கிறது. இந்த வருடம் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று நிதானத்தின் பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஜனங்கள் அவரை நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்து மூன்று வயது. எந்த அடிக்கும் அவசரப்பட மாட்டார். மழை வந்தாலும் அதே நடை, பந்து மணலுக்குள் போனாலும் அதே நடை. ஒன்பது வருடத்தில் மூன்று தடவை இரண்டாவதாக வந்து, மூன்று தடவையும் மாஸ்டருக்கு இடது பக்கம் நூல்கண்டோடு நின்றவர். இந்த வருடம் சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஏழு அடி முன்னால் இருந்தார். ஏழு அடி என்பது கோல்ஃபில் சின்ன விஷயம் இல்லை. வாசல் காவல்காரர்கூட மாஸ்டரைப் பார்த்து, “இந்தத் தடவை நம்ம நிதானம்தான்” என்று சிரித்தார்.

“ஒண்ணு போதுமா?” என்று மனைவி கேட்டாள், துண்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

“ஏழு அடிடீ. தூங்கிக்கிட்டே ஆடினாக்கூட ஜெயிச்சுடுவாரு.”

அவள் இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, முன்னணியில் இருக்கும் ஐந்து பேரும் கோட்டு அறைக்கு வந்து தோள் அளவு பார்த்துக்கொள்வதும் வழக்கம். ஐந்து பேரையும் ஒன்றுபோல நடத்த வேண்டும், ஜெயிக்கப்போவது இவர்தான் என்று முகத்தில்கூடக் காட்டக்கூடாது என்பார்கள். முதலில் வந்தது நிதானம். மாஸ்டர் அவர் அளவுக் கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். நிதானம் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். புதுக் கோட்டைப் போட்டுக்கொண்ட யாரும் செய்வதைப்போல உள்பையில் கையை விட்டார். கை வெளியே வந்தபோது அதில் பட்டுத்துண்டு இருந்தது.

கசங்கக்கூடாது என்று மாஸ்டர்தான் காலையில் அதை அங்கே வைத்திருந்தார்.

நிதானம் துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தன் பெயரைப் பார்த்தார், ஒன்பது எழுத்தையும். படிக்கத் தெரியாதவர் போல அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு மடித்து, எடுத்த பையிலேயே திரும்ப வைத்தார்.

“நல்லா வந்திருக்கு மாஸ்டர்” என்றார்.

“தம்பி, அது வந்து...”

“இடது தோள்ல கொஞ்சம் பிடிக்குது.” கோட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினார். “பார்த்துக்கோங்க.”

நிதானம் வெளியே போனார். பின்னாலேயே ஓடி ஏதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த ஆள் கதவைத் தட்டினார். ஓடுவதற்குப் பதில் மாஸ்டர் செய்த முதல் காரியம், துண்டை எடுத்துத் தன் சட்டைக்குள் ஒளித்ததுதான். அந்த மனிதரின் முகம் எப்படி மாறியது என்று நினைப்பதற்கு முன்னால், தன் குட்டு வெளிப்பட்டுவிடக் கூடாதே என்றுதான் நினைத்தார். இது அவருக்கே பிற்பாடு உறைத்தபோது தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

கோட்டு அறையின் ஜன்னலிலிருந்து பெரிய எண் பலகை தெரியும். தகரத்தில் எழுதிய எண்களை ஆட்கள் ஏணியில் ஏறிக் கையால் மாட்டுவார்கள். அதுவும் எண்பத்தோரு வருட வழக்கம். பத்து மணிக்கு மேல் மாஸ்டர் அந்த ஜன்னலைவிட்டு நகரவில்லை. சாப்பாடு வந்தது, ஆறியது.

முதல் குழியிலேயே நிதானம் ஓர் அடி அதிகம் எடுத்தார். நாலாவதில் இன்னொன்று. ஒன்பதாவது முடிந்தபோது ஏழு அடி முன்னிலை மூன்றாகச் சுருங்கியிருந்தது. துரத்தி வந்தவர் இருபத்தாறு வயது ஆட்டக்காரர். ஆறேகால் அடி உயரம் என்பதால் எல்லோருக்கும் நெட்டை. முதல் தடவையாக இங்கே ஆடுகிறார். இழப்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை.

‘நான்தான். என்னாலதான்’ என்று மாஸ்டரின் மனசு முணுமுணுத்தது. பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்ட மனிதரின் ஆட்டம் அது. பதினொன்றாம் குழிக்குப் போகும் வழி ஜன்னலுக்குக் கீழேதான். அங்கே நிதானம் வேகமாக நடந்து போனார். ஒன்பது வருடத்தில் அவர் வேகமாக நடந்து மாஸ்டர் பார்த்ததே இல்லை.

பதின்மூன்று முடிந்தபோது முன்னிலை ஒரே ஓர் அடி. மாஸ்டர் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். புதுப் பட்டுத்துண்டு ஒன்றை எடுத்துச் சட்டத்தில் மாட்டினார். நெட்டையின் பெயர் நாலே எழுத்து. இப்போதெல்லாம் வீட்டில் பொறுமையாகத் தைத்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகிற வேலைக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஆனாலும் ஊசியில் நூலைக் கோர்த்தார். நிதானம் இன்னும் முன்னால்தான் இருக்கிறார். பலகையில் அவர் பெயர்தான் மேலே. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மாஸ்டர் அடுத்தவர் பெயரின் முதல் எழுத்தில் ஊசியைக் குத்தினார். கை அப்படி ஆடியது. பார்ப்பதற்கு அறையில் யாரும் இல்லை, ஆனாலும் ஆடியது.

முதல் எழுத்து பாதியில் நின்றது. அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. துண்டைச் சட்டத்திலிருந்து பிடுங்கிக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

“போடு தம்பி, போட்டுடு” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். யாருக்காகக் கெஞ்சுகிறோம் என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. நிதானம் ஜெயித்தால் சட்டைக்குள் இருக்கும் துண்டு பிழைக்கும், துண்டு பிழைத்தால் மாஸ்டர் பிழைப்பார். அதே ஜன்னலில் போன வருடம் நின்றதும் நினைவுக்கு வந்தது. அதை உடனே வேறு பக்கம் தள்ளினார்.

பதினேழில் இருவரும் சமம். பதினெட்டாம் குழி ஜன்னலுக்கு நேர் எதிரே. நெட்டை நாலு அடியில் முடித்துவிட்டு ஒதுங்கி நின்றார். நிதானத்தின் பந்து குழிக்கு ஒன்றரை முழத்தில் கிடந்தது. இதையும் நாலாவது அடியில் போட்டால் சமநிலை, ஆட்டம் நீளும். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் போட்டுவிடுகிற தூரம். நிதானம் குனிந்தார், நிமிர்ந்தார், திரும்பக் குனிந்தார். பந்து குழியின் விளிம்பில் ஏறி, ஒரு வளைவு வளைந்து, வெளியே வந்து நின்றது.

பத்தாயிரம் பேரின் பெருமூச்சு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் மேஜை போட்டுவிடுவார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா, கையில் கத்திரி பட்டுவிட்டது என்று சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தார். உண்மையிலேயே கத்திரியை எடுத்துக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வைத்தும் பார்த்தார். அப்புறம் கீழே வைத்தார். அவ்வளவு தைரியம் இருந்தால் நாலு வருடத்துக்கு முன்னாலேயே செயலாளரிடம் பேசியிருப்பாரே.

சட்டத்தில் ஒரே ஒரு வெள்ளைத் துண்டை மாட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போனார். வலது பக்கம் நெட்டை, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு. இடது பக்கம் நிதானம். நூல்கண்டை யாரும் கொடுக்கவேண்டியிருக்கவில்லை, அவரே மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். அது அவருக்குப் பழகிப்போன வேலை. மாஸ்டர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

கூட்டம் அடங்கியது. மாஸ்டர் ஊசியை எடுத்தார். கை தன் கூத்தை ஆரம்பித்தது. முதல் குத்து இடம் தவறியது. பிரித்தார். இரண்டாவது குத்து விரலில் இறங்கியது. ரத்தம் துணியில் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டார். முதல் எழுத்துக்கே இருபது நிமிடம் ஆயிற்று. நூல் தீர்ந்தது. இடது பக்கமிருந்து ஒரு கை, அளவாக நூலை இழுத்து அறுத்து அவர் முன்னால் நீட்டியது. வாங்கினார். ஊசிக் காதில் நுழையவில்லை. நாலு தடவை முயற்சி செய்தார். அதே கை ஊசியை வாங்கிக் கோர்த்துத் திரும்பக் கொடுத்தது.

இருபத்தைந்து நிமிடம் போயிற்று. நாற்பது போயிற்று. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது மாஸ்டருக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. இப்போது ஜனங்கள் கலைவார்கள், முணுமுணுப்பார்கள், யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் கலையவில்லை. ஒரு குழந்தை, “இன்னும் முடியலையாம்மா?” என்று கேட்டது. “முடியட்டும்” என்றாள் அந்தத் தாய், அதட்டாமல். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. தைத்துக்கொண்டே இருந்தார். எப்போது என்று தெரியவில்லை, ஒரு கட்டத்தில் கை ஆடுவதைப் பற்றிய நினைப்பே அவருக்கு விட்டுப்போயிருந்தது. கை என்னவோ ஆடிக்கொண்டுதான் இருந்தது.

எழுபது நிமிடம் ஆனது. நாலு எழுத்தும் நாலு திசைக்குச் சாய்ந்திருந்தன. நெட்டை குனிந்து பார்த்தார்.

“மாஸ்டர், இது என் பேருதானே?”

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. “உங்க பேருதான் தம்பி. கை கொஞ்சம்...”

“பரவால்ல. என் கையெழுத்தும் இப்படித்தான் இருக்கும்” என்றார் நெட்டை. கோட்டு தோளில் ஏறியதும் அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கை தட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

கோட்டு அறைக்குத் திரும்பும் வழியில் செயலாளர் ஓட்டமும் நடையுமாக வந்து மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எழுபது நிமிஷம்! ஒரு ஆள் நகரல மாஸ்டர்! அந்த டாக்டர் இருக்காரில்ல, அழுதுட்டார். வேணும்னே மெதுவாத் தச்சீங்களா? அடுத்த வருஷமும் இப்படியே வச்சுக்கலாமே!”

“சார், நான் உங்ககிட்ட ஒண்ணு...”

“எதுவா இருந்தாலும் அப்புறம் பேசலாம். நீங்க இல்லாம இந்தப் போட்டியே இல்ல. நான் எப்பவும் சொல்றதுதான்.” அவர் ஆபீஸ் அறைக்கு ஓடிவிட்டார். மாஸ்டர் வாய்வரை வந்ததை விழுங்கினார். பாராட்டு இவ்வளவு கசக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

மாற்றுத்துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிதானம் கோட்டு அறை வாசலில் வந்து நின்றபோது, மாஸ்டர் சட்டைக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டென்று எழுந்தார்.

“தம்பி, என்னை மன்னிச்சுடுங்க. காலையில நீங்க அதைப் பார்க்காம இருந்திருந்தா...”

“தெரியல மாஸ்டர்.” நிதானம் பையை இறக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். “கடைசிப் பந்துக்குக் குனிஞ்சப்ப அந்த ஒன்பது எழுத்துதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா முன்னாடி மூணு தடவை தோத்தேனே, அப்பல்லாம் என்ன நின்னுச்சு? என் கைக்கும் ஏதோ வியாதி இருக்கு.”

“எத்தனை வருஷமா இப்படின்னு கேளுங்க தம்பி. கேட்டுடுங்க.”

“போன வருஷம் பண்ணினது தெரியும்.” நிதானம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “கண்டு என் கையிலதானே இருந்துச்சு? முதல்ல ஒரு தடவை நூல் அறுத்தீங்க. அப்புறம் இருபத்தஞ்சு நிமிஷம் கண்டு அசையவே இல்ல. என்னமோ புது மாதிரி தைக்கிறீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். இன்னைக்குக் காலையில துணி கையில வந்ததும்தான் புரிஞ்சுது.”

மாஸ்டர் மேஜைமேல் கிடந்த துண்டைக் கையால் மூடினார்.

“முதல் தடவை நான் தோத்தப்ப, எங்கேயாவது ஓடிப்போயிடலாம்னு இருந்துச்சு மாஸ்டர். ஆனா ஓட முடியாதே, கண்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமே. நின்னேன். நூல் கையில ஓடிச்சு. நீங்க தைக்கத் தைக்க, எனக்கு உள்ள ஆறிக்கிட்டே வந்துச்சு. கடைசி எழுத்து முடிஞ்சப்ப அந்த ஆளுக்குக் கை கொடுக்க முடிஞ்சுது, மனசாரக் கொடுத்தேன். ரெண்டாவது தடவையும் அப்படித்தான். போன வருஷம் மட்டும் ஆறல. வருஷம் பூரா ஆறல. என் பொண்டாட்டிகிட்ட எரிஞ்சு விழுந்தேன், பிள்ளைங்ககிட்ட எரிஞ்சு விழுந்தேன். வயசாகுதுன்னு நினைச்சேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் மாஸ்டர் தாங்கிக்கொண்டிருப்பார். உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். தன் நாலு வருட ஏற்பாட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் அவர் நம்பியிருந்தார். பார்ப்பவர்களுக்குப் பெயர் தெரிகிறது, ஜெயித்தவருக்குக் கோட்டு கிடைக்கிறது, அப்புறம் என்ன? தோற்றவர் கையில் ஒரு நூல்கண்டு இருக்கிறது என்பது அவர் கணக்கில் வரவே இல்லை.

இவ்வளவு கேட்டபிறகு மிச்சத்தையும் ஒளித்துவைக்க முடியவில்லை.

“தம்பி, போன வருஷம் நான் ரெண்டு பேர் பேருதான் தச்சு வச்சிருந்தேன். ரெண்டுலயும் நீங்க இல்ல. அஞ்சாவது இடத்துல இருந்தீங்க, வர மாட்டீங்கன்னு விட்டுட்டேன். கடைசி நாள்ல நீங்க மேல மேல வந்தப்ப...” அவர் ஜன்னலைக் காட்டினார். “அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். கடைசிக் குழியில உங்க பந்து உள்ள போனா நீங்கதான். உள்ள போகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். வாய்விட்டு வேண்டிக்கிட்டேன். அது போகல. எனக்கு அப்ப எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?”

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை.

நிதானம் எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார்.

“ஒருவேளை அது உள்ள போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க மாஸ்டர்?”

“என்ன பண்ண முடியும்? இன்னைக்குப் பண்ணினதைத்தான் பண்ணியிருப்பேன். ஆடற கையோட உட்கார்ந்து தச்சிருப்பேன்.”

“ஜனங்க?”

“நின்னிருப்பாங்க.”

“பண்ணியிருக்கலாமே மாஸ்டர்” என்றார் நிதானம்.

அவர் போகும் காலடிச் சத்தம் நீண்ட தாழ்வாரத்தில் அதே பழைய வேகத்தில் கேட்டுக்கொண்டே போயிற்று. மாஸ்டர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாடியில் செயலாளரின் அறையில் யாரோ எழுபது நிமிடக் கதையைச் சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் படியேறிப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே சிரிப்பு நிற்கவில்லை. இன்னொரு முறை, பலமாகத் தட்டினார்.